14 வாரத்தில் 7.8 கிலோ: பாலைக் குறைக்கலாமா?

நீங்கள் எழுதியதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன், சரிதானா பாருங்கள். தென்னாப்பிரிக்காவில், டர்பனில் இருக்கிறீர்கள். பையனுக்கு 14 வாரம். பிறந்தபோது 3 கிலோ, ஆறாம் வாரம் 5.2, பத்தாம் வாரம் 6.6, இப்போது பதினான்காம் வார ஊசிக்குப் போனபோது 7.8. பகல் முழுக்க டப்பா பால் (ஃபார்முலா பவுடர்), 180 மி.லி. வீதம் ஏழு பாட்டில். ராத்திரியில் மட்டும் ஒன்றிரண்டு தடவை தாய்ப்பால். கிளினிக் சிஸ்டர் புத்தகத்தைப் பார்த்துவிட்டு "ரொம்ப வேகமாக ஏறுகிறது" என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். மாமியாரோ, பிள்ளை மேல் யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்கிறார். தோழி ஒருத்தி, பின்னாடி சர்க்கரை வியாதி வரும் என்று பயமுறுத்தியிருக்கிறாள். பாலில் கொஞ்சம் தண்ணீரைக் கூட்டலாமா, இல்லை ஒரு பாட்டிலையே நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கெல்லாம் அடியில் இன்னொரு கேள்வியும் தெரிகிறது: நான் என் பிள்ளைக்குத் தெரியாமல் கெடுதல் செய்துவிட்டேனா? அதற்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. இங்கே டர்பனில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துக் கிளினிக்குகளில் 22 வருஷம் குழந்தைகளுக்கு எடை பார்த்து, ஊசி போட்டு, அம்மாக்களோடு உட்கார்ந்து பேசிய சிஸ்டர். உங்கள் பையனை நேரில் பார்க்கவில்லை. கண்ணால் பார்த்துத் தொட்டுச் சொல்ல வேண்டியதை எழுத்தில் சொல்ல முடியாது. அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

தண்ணீர் விஷயத்தை மட்டும் இப்போதே முடித்துவிடுவோம். பாலில் தண்ணீரைக் கூட்டாதீர்கள். ஒரு நாள்கூட, ஒரு பாட்டிலில்கூட வேண்டாம். மூன்று மாதக் குழந்தையின் சிறுநீரகம் கூடுதல் தண்ணீரை வேகமாக வெளியேற்றும் அளவுக்கு வளர்ந்திருக்காது. தண்ணீர் கூடினால் ரத்தத்தில் உப்புச் சத்து நீர்த்துப்போகும், மூளை வீங்கும், ஃபிட்ஸ் வரும். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு மாசக் கடைசியில் ஒரு அம்மா தூக்கிக்கொண்டு ஓடிவந்த குழந்தை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. டப்பா தீர்ந்துவிடக் கூடாதே என்று நாலைந்து நாளாகப் பாலை இளக்கிக் கொடுத்திருந்தாள். குழந்தை துவண்டு போய், எழுப்பினால் விழிக்காமல், என் கையிலேயே ஃபிட்ஸ் வந்தது. பிழைத்துக்கொண்டது. அந்த அம்மாவை நான் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. பவுடர் என்ன விலை விற்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் அன்றிலிருந்து யார் தண்ணீர் என்று சொன்னாலும் முதலில் அதைத்தான் நிறுத்துகிறேன். பாட்டிலில் ரூய்போஸ் என்ற இந்த ஊர் மூலிகை டீ போட்டுக் கொடுப்பதும், சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பதும் இதே கணக்கில்தான் வரும். ஆறு மாதம் வரை பால் மட்டும்தான்.

சரி, எடைக்கு வருவோம். நீங்கள் கொடுத்த நாலு எண்களை வைத்துக் கணக்குப் போட்டேன். முதல் ஆறு வாரத்தில் ஒரு நாளைக்குச் சுமார் 52 கிராம் ஏறியிருக்கிறான். அடுத்த நாலு வாரத்தில் 50. கடைசி நாலு வாரத்தில் 43. முதல் மூன்று மாதத்தில் சாதாரணமாக ஒரு நாளைக்கு 25 முதல் 35 கிராம் ஏறும் என்று வைத்துக்கொள்வோம். ஆக, சிஸ்டர் சொன்னது உண்மைதான், வேகம் அதிகம். பிறந்த எடை இரட்டிப்பாக வழக்கமாக நாலு முதல் ஆறு மாதம் ஆகும். இவன் எட்டு வாரத்திலேயே இரட்டித்துவிட்டான். ஆனால் அதே எண்களில் சிஸ்டருக்குச் சொல்ல நேரம் கிடைக்காத இன்னொன்றும் இருக்கிறது. வேகம் தானாகவே இறங்க ஆரம்பித்திருக்கிறது. 52, 50, 43 என்று வருவது கைமீறிப் போகிற குழந்தையின் கணக்கு இல்லை.

உங்கள் கையில் இருக்கும் ரோட் டு ஹெல்த் புத்தகத்தில், அதாவது கிளினிக்கில் எடையும் ஊசியும் குறிக்கிற புத்தகத்தில், உள்ள கோடுகள் உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட அளவுகளை வைத்துப் போட்டவை. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமான், அமெரிக்கா என்று ஆறு நாடுகளில், தாய்ப்பால் குடித்து நல்ல சூழலில் வளர்ந்த குழந்தைகளை அளந்து எடுத்தார்கள். "நம்ம பிள்ளைங்க உடம்பு வாகு வேற, இந்தச் சார்ட் வெள்ளைக்காரங்களுக்கு" என்று வீட்டில் யாராவது சொன்னால், அதில் நம் ஊர்ப் பிள்ளைகளும் சேர்ந்தே இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். அந்தக் கணக்கில் 14 வாரப் பையனுக்கு நடுக்கோடு ஏறக்குறைய 6.6 கிலோ. இவன் நடுக்கோட்டுக்குக் கீழே பிறந்து, இப்போது நடுக்கோட்டுக்கு நன்றாக மேலே வந்திருக்கிறான். அதற்கு மேலே +2 என்று குறித்த கோட்டை இன்னும் தொடவில்லை. நின்ற இடத்தைவிட, கீழிருந்து மேலே ஏறி வந்த வேகத்தைத்தான் சிஸ்டர் கவனித்திருக்கிறார்.

ஆனால் எடையை மட்டும் வைத்து ஒரு குழந்தையைப் படிக்க முடியாது. நீளம் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. அளந்தார்களா என்றே சந்தேகமாக இருக்கிறது, ஏனென்றால் கூட்டமான நாளில் நாங்களே அதை விட்டுவிடுவோம், அது எங்கள் தவறு. 7.8 கிலோ பையன் 65 செ.மீ. நீளம் இருந்தால், உயரத்துக்கு ஏற்ற எடை என்ற பக்கத்தில் அவன் நடுவிலிருந்து கொஞ்சம் மேலே நிற்கிற பெரிய பையன், அவ்வளவுதான். அதே 7.8 கிலோ 60 செ.மீ. நீளத்தில் இருந்தால் மேல் கோடுகளைத் தொட்டுவிடுவான். அதே எடைதான், ஆனால் பேச்சு முழுக்க மாறிவிடும். அடுத்த தடவை நீளம் அளக்கச் சொல்லிக் கேளுங்கள். படுக்கவைத்து, முட்டியை நீட்டி, இரண்டு பேர் பிடித்து அளக்க வேண்டும். ஒரே ஆள் டேப்பை வைத்து இழுத்தால் இரண்டு மூன்று செ.மீ. தப்பாக வரும். எடையும் அப்படித்தான். ஒரு தடவை கிளினிக்கில், அடுத்த தடவை பார்மசியில், ஒரு தடவை நனைந்த நாப்பியோடு என்று எடுத்தால் அரைக் கிலோ வரை வித்தியாசம் காட்டும். ஒரே தராசு, உடம்பில் ஒன்றும் இல்லாமல், அதே மாதிரி எடுங்கள்.

இப்போது பாட்டில். இங்கேதான் நான் அதிக நேரம் செலவிடப் போகிறேன், ஏனென்றால் என் அனுபவத்தில் பத்தில் ஏழெட்டு வீட்டில் விஷயம் இங்கேதான் இருந்தது.

180 மி.லி. ஏழு தடவை என்றால் 1,260 மி.லி. பொதுவாகக் கிலோவுக்கு 150 மி.லி. என்று கணக்குப் போடுவோம். அதை உங்கள் பையனின் 7.8 கிலோவுக்குப் போட்டால் 1,170 வரும், "அப்படியொன்றும் அதிகம் இல்லையே" என்று தோன்றும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. எடை கூடக்கூட அந்தக் கணக்கில் பாலும் கூடும், பால் கூடினால் எடையும் கூடும். பால் எடையைத் துரத்த, எடை பாலைத் துரத்த, இரண்டும் சேர்ந்து ஓடும். அதனால் வேகமாக ஏறுகிற குழந்தைக்கு நான் அவன் வயதுக்கான நடுக்கோட்டு எடையை வைத்துப் பார்ப்பேன். 6.6 கிலோவுக்கு 990 வருகிறது. ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் அளவைத் தாண்டினால் கொஞ்சம் நின்று யோசி என்றுதான் எங்களுக்கும் சொல்லித்தந்தார்கள். நீங்கள் கொடுப்பது அதற்கு மேல், ராத்திரித் தாய்ப்பால் தனி.

அப்புறம் ஸ்கூப். ஒவ்வொரு டப்பாவுக்கும் ஸ்கூப் வேறு. ஒன்றில் ஒரு ஸ்கூப்புக்கு 25 மி.லி. தண்ணீர், இன்னொன்றில் 30, வேறொன்றில் 60. டப்பா மாற்றும்போது பழைய ஸ்கூப்பை வைத்துக்கொள்கிற வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அதைவிட அதிகம் பார்த்தது குவியலாக அள்ளுவது. தண்ணீரை முதலில் ஊற்றி, ஸ்கூப்பைத் தட்டாமல் அமுக்காமல் அள்ளி, கத்தியின் முதுகால் மட்டமாக வழித்துவிட்டுப் போட வேண்டும். குவியலாகப் போட்டால் பால் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் கெட்டியாவது சாதாரணமாக நடக்கும். சரியாகக் கலந்த பாலில் 100 மி.லி.க்கு ஏறக்குறைய 67 கலோரி. 1,260 மி.லி.யில் 840-க்குக் கொஞ்சம் மேல். ஐந்தில் ஒரு பங்கு கெட்டியானால் அதுவே ஆயிரத்தைத் தாண்டிவிடும், பாட்டிலின் கோடு மட்டும் அதே 180-தான் காட்டும். அது மட்டுமில்லை, கெட்டிப் பால் குழந்தைக்குத் தாகம் எடுக்கவைக்கும், தாகத்தில் மறுபடி அழும், அழுதால் மறுபடி பாட்டில். உங்கள் வீட்டில் யார் யார் பால் கலக்குகிறார்கள் என்று பாருங்கள். ஒருவர் கலக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள், குறை சொல்லாமல்.

மூன்றாவது, எவ்வளவு நேரத்தில் குடித்து முடிக்கிறான்? ஐந்து நிமிஷத்தில் 180-ஐக் காலி செய்தால் நிப்பிள் ஓட்டை பெரிது, அல்லது பாட்டிலைச் செங்குத்தாகக் கவிழ்க்கிறீர்கள். வயிறு நிறைந்தது என்ற செய்தி தலைக்குப் போய்ச் சேரக் கொஞ்சம் நேரம் ஆகும். அதற்குள் இவன் இன்னொரு 60 மி.லி.யை உள்ளே தள்ளியிருப்பான். தாய்ப்பாலில் குழந்தை இழுத்தால்தான் பால் வரும், நிறுத்தினால் நிற்கும். பாட்டிலில் நிறுத்தினாலும் வாயில் சொட்டிக்கொண்டே இருக்கும், விழுங்காமல் இருக்க முடியாது. அதனால் சின்ன ஓட்டை நிப்பிளுக்கு மாறுங்கள். குழந்தையைக் கொஞ்சம் நிமிர்த்தி உட்காரவைத்த மாதிரி மடியில் பிடித்து, பாட்டிலைப் படுக்கைவாட்டில், நிப்பிளில் மட்டும் பால் நிற்கும்படி வையுங்கள். இருபது முப்பது உறிஞ்சலுக்கு ஒரு தடவை பாட்டிலின் பின்பக்கத்தைச் சற்று இறக்கி ஓய்வு கொடுங்கள். ஒரு பாட்டில் முடிய 15, 20 நிமிஷம் ஆகட்டும்.

குடிக்கும்போது அவன் முகத்தைப் பாருங்கள், பாட்டிலின் கோட்டைப் பார்க்காதீர்கள். உறிஞ்சல் மெதுவாகும். முறுக்கிப் பிடித்த விரல்கள் விரியும். நிப்பிளை நாக்கால் வெளியே தள்ளுவான், தலையைத் திருப்புவான், சும்மா வாயில் வைத்துக்கொண்டு உங்கள் முகத்தைப் பார்ப்பான், கண் சொக்கும். அது போதும் என்று அவன் சொல்கிற பேச்சு. அப்போது பாட்டிலில் 40 மி.லி. மிச்சம் இருந்தால் மிச்சம்தான், கொட்டிவிடுங்கள். கன்னத்தைத் தட்டி, நிப்பிளை ஆட்டி, "இன்னும் கொஞ்சம்டா கண்ணா" என்று அந்த நாற்பதை உள்ளே செலுத்துகிற அன்புதான் பெரும்பாலான வீட்டில் எடையை ஏற்றுகிறது. அதை நான் என் மூத்தவளுக்கே செய்தேன். விலை கொடுத்து வாங்கிய பால் வீணாகிறதே என்ற எண்ணமும் அதில் சேர்ந்திருந்தது.

ஆகவே பாட்டிலை நிறுத்தலாமா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில்: ஒரு பாட்டிலை வெட்டாதீர்கள். 180-க்குப் பதில் 150 கலந்து கொடுங்கள். மெதுவாகக் குடித்து முடித்து, ஏப்பம் விட்டு, அப்புறமும் வாயைத் திறந்து தேடினால் இன்னும் 30 கலந்து கொடுங்கள், தயங்க வேண்டாம். எத்தனை மணி ஆயிற்று என்று பார்த்துத் தூங்கும் பிள்ளையை எழுப்பிக் கொடுக்காதீர்கள். நன்றாக வளர்ந்த 14 வாரக் குழந்தைக்கு அது தேவை இல்லை. பசித்துக் கேட்கிறவனைக் காத்திருக்கவும் வைக்காதீர்கள். என் முதல் வருஷங்களில் ஒரு அம்மாவிடம் "பாலைக் குறைம்மா" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அவள் பயந்துபோய்ப் பாதியாகக் குறைத்துவிட்டாள். நாலு வாரம் கழித்து வந்தபோது குழந்தை எடை ஏறவே இல்லை, எந்நேரமும் அழுகை. எப்படி என்று சொல்லாமல் "குறை" என்று சொல்லக் கூடாது என்பதை அந்தக் குழந்தைதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது. இந்த வயதில் எந்தக் குழந்தையும் எடை இறங்க வேண்டியதில்லை. ஏறுகிற வேகம் தணிந்தால் போதும்.

அழுகையைப் பற்றி ஒரு வார்த்தை. குழந்தையின் அழுகை ஆறு வாரம் வாக்கில் உச்சத்துக்குப் போய், மூன்று நாலு மாதத்தில் தணியும். சாயங்கால அழுகை பெரும்பாலும் பசி இல்லை. களைப்பு, வெளிச்சம், வீட்டுச் சத்தம், பிப்ரவரி மாதத்து டர்பன் புழுக்கம் என்று எதுவாகவும் இருக்கலாம். உறிஞ்சுவதே சில பிள்ளைகளுக்கு ஆறுதல், அதனால் எதற்கு அழுதாலும் பாட்டிலைக் கொடுத்தால் வாங்கிக்கொள்வான். கடைசிப் பாட்டில் முடிந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை என்றால் முதலில் தூக்குங்கள், நாப்பியைப் பாருங்கள், வாசலில் இரண்டு சுற்று நடங்கள். அப்புறமும் கையை வாயில் திணித்துத் தேடினால் பால். குடித்தவுடன் வாய் வழியாகத் தயிர் மாதிரி நிறைய வழிகிறது என்று எழுதியிருந்தீர்களே, அதுவும் பெரும்பாலும் அளவு மிஞ்சியதன் அடையாளம்தான்.

ராத்திரித் தாய்ப்பால் இன்னும் இருக்கிறது என்பதைப் படித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை எந்தக் கணக்கிலும் சேர்க்காதீர்கள், அளக்காதீர்கள், குறைக்காதீர்கள். முழுக்கத் தாய்ப்பாலே குடிக்கிற குழந்தை இந்த வேகத்தில் ஏறியிருந்தால் நான் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். அப்படிச் சில பிள்ளைகள் முதல் மூன்று நாலு மாதம் மளமளவென்று ஏறி, பிறகு தானாகவே மெதுவாகிவிடுவார்கள். முடிந்தால் பகலிலும் பாட்டிலுக்கு முன்னால் பத்து நிமிஷம் நெஞ்சில் போடுங்கள். 14 வாரத்திலும் பாலைத் திரும்பப் பெருக்க முடியும். எல்லோருக்கும் முழுசாகத் திரும்பும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன், ஆனால் பலருக்குக் கூடியிருக்கிறது.

சர்க்கரை வியாதி பற்றி உங்கள் தோழி சொன்னதை இரண்டாகப் பிரிக்க வேண்டும். முதல் இரண்டு வருஷத்தில் மிக வேகமாக எடை ஏறிய குழந்தைகளில் பின்னாளில் பருமனாகிறவர்கள் அதிகம் என்பது பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது, அதை நம்பலாம். ஆனால் அது கூட்டத்தைப் பற்றிய உண்மை. வேகமாக ஏறிய குழந்தைகளில் பலர் நடக்க ஆரம்பித்ததும் மெலிந்துவிடுகிறார்கள். எடை ஏறியதுதான் காரணமா, இல்லை குடும்ப வாகும் வீட்டுச் சாப்பாடும் சேர்ந்து இரண்டையும் உண்டாக்குகின்றனவா என்பது இன்னும் தீராத விவாதம். உங்கள் பையன் ஒருவனுக்கு என்ன ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. உறுதி கொஞ்சம் கூடுதலாக இருக்கிற ஒரு விஷயம் டப்பா பாலின் புரதம். ஐரோப்பாவில் ஐந்து நாடுகளில் சேர்ந்து நடந்த ஒரு பெரிய சோதனையில், புரதம் குறைந்த ஃபார்முலா குடித்த பிள்ளைகள் இரண்டு வயதிலும், பிறகு ஆறு வயதிலும், புரதம் கூடிய ஃபார்முலா குடித்தவர்களைவிடப் பருமன் குறைவாக இருந்தார்கள். டப்பாக்களை ஒப்பிட்டுப் பார்க்கும்போது 100 மி.லி.க்கு எத்தனை கிராம் புரதம் என்ற வரியைப் படியுங்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கான இரண்டாம் எண் டப்பாவை இப்போதே ஆரம்பிக்க வேண்டாம்.

நம்மவர்களுக்கென்று ஒரு கூடுதல் காரணமும் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். டர்பன் இந்தியர் குடும்பங்களில் சர்க்கரை வியாதி எவ்வளவு என்று ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் பார்க்கலாம், பாயசத்தை வேண்டாம் என்று கைகாட்டுகிறவர்களை எண்ணினாலே போதும். 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் அவரோடு வேலை செய்தவர்களும் புனே பக்கத்துக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். புனேக் குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, அங்கே 3.5. தசை குறைவாக இருந்த அதே குழந்தைகளிடம் தோலுக்கடியில் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. சின்னதாகப் பிறந்து வேகமாகக் கொழுப்பு ஏறுவது நம் உடம்புக்கு ஒத்துவராது என்ற எண்ணம் இதிலிருந்து வந்தது. உங்கள் பையன் 3 கிலோ, சின்னக் குழந்தை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் குடும்பத்தில் சர்க்கரை வியாதி இருந்தால் இதை மனதில் வைத்து இப்போதே பாட்டில் பழக்கத்தைச் சரிசெய்வது நல்லது. பயப்படுவதற்காக இதைச் சொல்லவில்லை.

மாமியாரைப் பற்றி. அவரோடு சண்டை போடாதீர்கள். 1860-லிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தத்தில் வந்தவர்களின் பேத்தி கொள்ளுப்பேத்தி அவர். இங்கே பழைய குடும்பங்களில் அவ்வா என்று கூப்பிடுகிற அந்தத் தலைமுறைப் பெண்கள் ரேஷன் அரிசியையும் மீலி மீல் என்ற மக்காச்சோள மாவையும் வைத்துப் பிள்ளை வளர்த்த கதையை என்னிடம் எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். மெலிந்த பிள்ளை செத்துப்போகும், கொழுத்த பிள்ளை பிழைக்கும் என்பது அவர்கள் கண்ணால் கண்டது. இந்த நாட்டில் இன்னும் இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன: 2016-இல் எடுத்த தேசிய கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 27 சதவீதம் வளர்ச்சி குன்றியவர்கள், 13 சதவீதம் எடை மிஞ்சியவர்கள். அதனால் "அத்தை, நீங்க செய்றது தப்பு" என்று ஆரம்பிக்காதீர்கள். "அத்தை, இவன் போதும்னு எப்படிச் சொல்றான் பாருங்க" என்று மடியில் கொடுத்துக் காட்டுங்கள். பேரன் தலையைத் திருப்புவதை ஒரு தடவை அவரே கண்டுபிடித்துவிட்டால் அப்புறம் அவர்தான் உங்களுக்குச் சொல்லித்தருவார். நாலு மாத லீவு முடிந்து நீங்கள் வேலைக்குத் திரும்பினால் பாட்டில் அவர் கையில்தானே இருக்கும். பசி அடங்கட்டும் என்று இப்போதே பாட்டிலில் போரிஜ் (கஞ்சி) கலப்பது மட்டும் வேண்டாம் என்று உறுதியாக நில்லுங்கள். அது கலோரியைக் கூட்டும், தொண்டையில் அடைக்கவும் செய்யும்.

கிளினிக் சிஸ்டர் ஏன் விளக்கவில்லை என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். இங்கே 2011-இல் ட்ஷ்வானே பிரகடனத்தில் தாய்ப்பாலைத்தான் ஆதரிப்போம் என்று அரசு முடிவெடுத்தது, 2012-இல் ஆர் 991 என்ற அரசு விதிமுறை டப்பா பால் விளம்பரத்தையும் இலவச டப்பாவையும் தடுத்தது. இரண்டும் நல்ல முடிவு, நான் முழு மனசோடு ஆதரிக்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு பாட்டிலைப் பற்றிப் பேசவே சில சிஸ்டர்கள் தயங்குகிறார்கள் என்பது என் எண்ணம். டப்பா பால் கொடுக்கும் அம்மாவுக்கு அதைச் சரியாகக் கலக்கச் சொல்லித்தருவதை அந்த விதி தடுக்கவில்லை. அடுத்த தடவை "கலக்கிக் காட்டுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்" என்று பாட்டிலையும் டப்பாவையும் கையோடு கொண்டுபோய்க் கேளுங்கள்.

டாக்டரிடம் போக வேண்டிய நேரங்கள் இவை, இதில்தான் எழுத்து உதவாது. எடை ஏறிக்கொண்டே குடிப்பது குறைந்தால், குடிக்கும்போது வேர்த்து மூச்சு வாங்கினால், காலோ கண் இமையோ வீங்கியிருந்தால் அன்றே போங்கள். அது கொழுப்பு இல்லை, உடம்பில் நீர் சேர்வதாக இருக்கலாம். எப்போதும் மந்தமாக, மலச்சிக்கலோடு, தோல் மஞ்சள் இன்னும் தெளியாமல் இருந்தால் தைராய்டு பார்க்கச் சொல்லுங்கள். எடை ஏறுகிறது, நீளம் மட்டும் நின்றுவிட்டது என்றாலும் காட்ட வேண்டும். இன்னொன்று, யாரும் கேட்க மாட்டார்கள், நான் கேட்கிறேன்: நாப்பிப் புண்ணுக்கோ தோலுக்கோ டாக்டர் எழுதாத கிரீம் ஏதாவது தடவுகிறீர்களா? வீரியமான ஸ்டீராய்டு கிரீமை வாரக்கணக்கில் தடவினால் முகம் உப்பி எடை ஏறிய குழந்தைகள் உண்டு. அந்தக் கிரீமை எடுத்துப் பெயரைப் பாருங்கள். இதில் எதுவும் இல்லை, பையன் சிரிக்கிறான், கழுத்து நிற்கிறது, ஒரு நாளைக்கு ஆறு நாப்பிக்கு மேல் நனைக்கிறான் என்றால் பொறுமையாகப் பாட்டிலைச் சரிசெய்ய உங்களுக்கு நேரம் இருக்கிறது.

நீங்கள் கெடுதல் ஒன்றும் செய்யவில்லை, தங்கச்சி. பிள்ளை கேட்டான் என்று நினைத்தீர்கள், கொடுத்தீர்கள். இந்த வாரம் ஸ்கூப்பையும் நிப்பிளையும் மட்டும் மாற்றுங்கள். அடுத்த வாரம் 150-க்கு வாருங்கள். வாராவாரம் எடை போடாதீர்கள், அது உங்கள் தூக்கத்தைத்தான் கெடுக்கும். பதினெட்டாம் வாரம் அதே தராசில், நீளத்தோடு சேர்த்து எடுத்து, இரண்டு எண்ணையும் இங்கே எழுதுங்கள். டப்பாவில் ஒரு ஸ்கூப்புக்கு எத்தனை மி.லி. என்று போட்டிருக்கிறது என்பதையும் எழுதுங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்.